நாம கருங்கல்லுக்குப் போடறோம்

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. தலை முழுக்கச் சாயம் பூசி, வெள்ளித் தாள் சுற்றி, திரும்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"இந்த வருஷம் நாங்க முன்கூட்டியே போட்டுடறோம்."

"எதுக்கு?" என்றாள் முடிவெட்டும் பெண்.

"பல்கலைக்கழகத்துக்கு."

"அடேயப்பா, இந்த வயசுலயா! என்ன பாடம்?"

"நான் இல்லம்மா. என் பொண்ணு."

"அப்புறம் 'நாங்க'ன்னீங்க?"

கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பரவாயில்லை. கதை எனக்குப் பேச்சாகத்தான் வரும். மூக்கு, முழி, சட்டை நிறமெல்லாம் பிற்பாடு ஒட்டவைப்பது.

ஆனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும் ஒரு வில்லங்கம். அவள் சொன்னது ஆங்கிலத்தில். அந்த மொழியில் இதற்கு ஒரே சொல். நமக்கோ இரண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. முடிவெட்டும் பெண்ணிடம் 'நாங்க' என்பது சரி. வீட்டுக்குப் போய் அதே வாக்கியத்தை மகளிடம் சொன்னால் அது 'நாம' ஆகிவிடும். மகளின் காதில் அது எப்படி விழும்?

2

முதல் தொடக்கம்: "கனெக்டிகட் மாநிலத்தில் அக்டோபர் மாதத்து மேப்பிள் இலைகள் ஒவ்வொன்றாக..."

(விட்டுவிட்டேன். இலை உதிர்ந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். இதில் யாரும் சாகப்போவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "மார்கோ சோப்சாக்குக்குப் பதினேழு வயது."

(அமெரிக்காவில் இந்தப் பக்கம் இது சாதாரணப் பெயர்தான். தமிழில் எழுதிப் பார்த்தால் முன்னாலும் சோப்பு, பின்னாலும் சோப்பு. கதை முழுக்க வேப்பெண்ணெய் வாடை அடித்தது. மாற்றிவிட்டேன்.)

மூன்றாவது: கிரெட்டா நோவாக்குக்குப் பதினேழு வயது. அப்பா லென், கோணல் பற்களைக் கம்பி போட்டு நேராக்கும் மருத்துவர். அம்மா கொரின், வீடு விற்றுக் கொடுப்பவள். கிரெட்டா முன்முடிவு* விண்ணப்பம் போடவேண்டும். கடைசி நாள் நவம்பர் ஒன்று. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்றுக்குத்தான் போடலாம்.

அந்த இரண்டின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். ஒன்றுவிட்ட தம்பி மகன் ஒருவன் அங்கே படிப்பான், அவன் அம்மா சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள். ஒன்றில் கட்டடமெல்லாம் செங்கல், இன்னொன்றில் கருங்கல். அப்படியே கூப்பிடுவோம்.

லென் கருங்கல்லில் படித்தவன். கொரின் எந்தப் பெரிய இடத்திலும் படிக்கவில்லை. செங்கல்லின் நுழைவாயிலைத் தாண்டும்போதெல்லாம் காரை மெதுவாக ஓட்டுவாள்.

(* நிச்சயதார்த்தம் மாதிரி. ஒரே இடத்தில்தான் தட்டு மாற்றலாம். அவர்கள் சரி என்றால் போயே ஆகவேண்டும், வேறு வீட்டுப் படி ஏறக்கூடாது. பிள்ளை, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடவேண்டும். பெற்றோரில் ஒருவர் போட்டால் போதும். என் கதைக்கு இருவரும் வேண்டும்.)

3

ஞாயிற்றுக்கிழமை, சமையலறை.

"நாம கருங்கல்லுக்குப் போடறோம்," என்றான் லென்.

"செங்கல்லுக்குன்னு புதன்கிழமையே முடிவாச்சே!"

"யாரு முடிவு பண்ணது?"

"நாம."

"நான் அங்க இல்லையே, கொரின்."

"நீ எவனுக்கோ பல்லு பிடுங்கிட்டிருந்தே."

"நான் பிடுங்கறதில்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன். நான் நேராக்கறேன்."

"அப்ப முதல்ல உன் புத்தியை நேராக்கு."

"அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றாள் கிரெட்டா.

"தெரியும்டி கண்ணு. பால் போதுமா?"

(அந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். 'நீங்க' போட்டுப் பார்த்தேன், மூவரும் அந்நியர்களாகிவிட்டார்கள்.)

பல்கலைக்கழகங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களைப் பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்களா என்று அங்கே கணக்கு வைப்பதாக ஒரு பேச்சு உண்டு. அதனால் கிரெட்டாவின் கணக்குக்குள் நுழைந்து கருங்கல்லின் கடிதங்களைத் தினமும் லென் திறப்பான். செங்கல்லின் கடிதங்களைக் கொரின் திறப்பாள். கிரெட்டா எதையும் திறப்பதில்லை. அவள் போவதற்குள் எல்லாம் படித்து முடிக்கப்பட்டிருக்கும்.

"அப்பா, கருங்கல் இணையத்துல நடத்தின கூட்டத்துல என் பேர்ல போய் உக்காந்தியா?"

"முகத்தைக் காட்டலியே. எழுதித்தான் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"நல்ல கேள்விதான்."

"'முழங்கால் வலிக்காரங்களுக்கு விடுதியில லிப்ட் இருக்கா'ன்னு கேட்டிருக்கே! எனக்குப் பதினேழு வயசு!"

"உன்னைப் பாக்க வர்றப்ப நான் எப்படி மாடி ஏறுவேன்?"

கொரின் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "செங்கல்லுல எல்லா விடுதிக்கும் லிப்ட் உண்டு, நான் கேட்டுட்டேன்," என்றாள்.

4

இங்கே கதை நின்றுவிட்டது. தனக்கு எது வேண்டும் என்று கிரெட்டா வாயே திறப்பதில்லை. அம்மா அப்பா சண்டைக்கு நடுவில் பால் குடித்துக்கொண்டிருக்கும் பெண்ணை எத்தனை பக்கத்துக்கு எழுதுவது? அழைத்துக் கேட்டேன். (என் கதை, நான் கேட்கலாம்.)

"உனக்கு எதுதான்டி வேணும்?"

"கருங்கல்."

"அட! அப்பாவுக்காகவா?"

"அப்பாவுக்காக இல்ல. சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பையன் பின்பக்கமாவே நடந்துக்கிட்டுக் கட்டடங்களைக் காட்டினான். அப்பா கேட்ட கேள்வியில திணறி குப்பைத்தொட்டி மேல விழுந்துட்டான். நான் நழுவிட்டேன். பின்னாடி ஒரு குளம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா நீளமான குழாயால சேத்தை உறிஞ்சி எடுத்துட்டிருந்தாங்க. 'பிடிச்சுக்கோ, கீழ போட்டா கொன்னுடுவேன்'னாங்க. அந்தச் சேத்துல பழைய காலத்து மகரந்தம் இருக்குதாம். எந்தக் காலத்துல எந்த மரம் இருந்துச்சுன்னு படிச்சிடலாமாம். சாயங்காலம் வரைக்கும் பிடிச்சிட்டு நின்னேன்."

"அப்ப இதைச் சொல்லிடேன்."

"சொன்னா அது நான் எடுத்த முடிவா இருக்காது. 'நாம ஜெயிச்சுட்டோம்'னு கார் கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டிடுவார். அம்மா முகம் விழுந்துடும்."

"அப்ப செங்கல்லுக்கே போட்டுடு."

"அங்க சேறு இல்லையே."

"வீம்புக்காக நாலு வருஷத்தை வீணாக்குவியா?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றாள். "என்னை ரொம்பப் புத்திசாலியா எழுதாதீங்க. வீம்பு எனக்கு ஜாஸ்தி."

ஆக, அவள் விருப்பமும் அப்பாவின் விருப்பமும் ஒன்றுதான். அதுதான் அவளுடைய தொல்லையே.

5

பள்ளி ஆலோசகர் திருமதி பெட்டிங்கிலின் அறை. மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய். அது பிள்ளைகளுக்கு வைத்தது, தின்பது பெற்றோர்கள்.

"எந்த இடம்னு முடிவாச்சா?" என்றார்.

"நாங்க கருங்கல்..." என்றான் லென்.

"நாங்க செங்கல்..." என்றாள் கொரின்.

"ரெண்டு 'நாங்க' ஒரே விண்ணப்பத்துல அடங்காது, டாக்டர்."

கிரெட்டா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பல்கலைக்கழகத்தோட பேர் எழுதற இடம் காலியா இருக்கட்டும். முதல்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பேரை நான் எழுதறேன். அதுவரைக்கும் வெளிய நில்லுங்க."

"வெத்துத் தாள்லயா?" லென் எழுந்தேவிட்டான். "என்கிட்ட வர்ற ஒருத்தரைக்கூட நான் அப்படிப் போடச் சொன்னதில்ல!"

(இப்போது எல்லாம் கணினியில்தான் நடக்கிறது, பெயர் இல்லாமல் அது நகராது. தெரியும். ஆனால் கணினியில் பேனாவைக் கோபமாக மூட முடியாது. எனக்குத் தாள்தான் வேண்டும்.)

கொரின் உடனே போட்டுவிட்டாள். "என் பொண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு." பிறகு கிரெட்டாவின் காதருகே குனிந்து, "செங்கல்தானே?"

"அம்மா!"

லென் பேனாவைத் திறந்தான், மூடினான். "கண்ணு, இது விளையாட்டில்ல. ஒரு தடவை போட்டா மாத்த முடியாது. இத்தனை வருஷம் நாம..."

"யாருப்பா அந்த நாம?"

"யாரா? நீ, நான், அம்மா..."

"விடுதியில கட்டில் ஒருத்தருக்குத்தான்ப்பா."

"அகலமும் கம்மி," என்றார் பெட்டிங்கில், மிட்டாய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "மூணு பேர் படுக்க வராது."

லென் பேனாவை மறுபடி திறந்தான். பிறகு கையெழுத்திட்டான். அழுத்திய அழுத்தில் பின்பக்கம் புடைத்துவிட்டது.

6

இருவரும் நடைக்கூடத்தில், கைப்பந்துக் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்கிறார்கள். உள்ளே அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு (அ): வீம்பில் செங்கல் என்று எழுதுகிறாள். லென் தன் பழைய பல்கலைக்கழகச் சட்டையைக் கார் கொட்டகையில் ஒளித்துவைத்துவிட்டு... (வேண்டாம். சேறு பிடித்து நின்ற பெண்ணுக்கு இது அநியாயம்.)

முடிவு (ஆ): கருங்கல் என்று எழுதுகிறாள். லென் கூரை அதிரக் கத்துகிறான், "நாம..." (வேண்டவே வேண்டாம்.)

முடிவு (இ): ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு... (திருப்பம் பிடிக்கிறவர்களுக்கு. எனக்குப் பிடிக்கவில்லை.)

நடைக்கூடத்தில் பேச்சு கேட்கிறது.

"எதை எழுதியிருப்பா, கொரின்?"

"தெரியலியே."

"உனக்குமா தெரியாது?"

"அவளுக்கு எது பிடிக்கும்னு நீ கேட்டியா?"

"நீ?"

"நான் லிப்ட் இருக்கான்னுதான் கேட்டேன்."

இருவரும் கோப்பைகளைப் பார்த்தார்கள். அவற்றில் எதிலும் கிரெட்டாவின் பெயர் இல்லை. அவளுக்குக் கைப்பந்தே வராது.

கதவு திறந்தது. கிரெட்டா வெளியே வந்தாள். கையில் பேனா மை.

"முடிஞ்சுது," என்றாள்.

லென் ஆரம்பித்தான்: "நாம எ..."

கொரின் முழங்கையால் இடித்திருக்கலாம், அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் தானாகவேகூட நிறுத்தியிருக்கலாம். மறுபடி ஆரம்பித்தான்.

"நீ எதுக்குப் போட்டிருக்கே?"

அவள் சொன்னாள். எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் எழுதமாட்டேன். கருங்கல் என்றால் அப்பா ஜெயித்தார் என்பீர்கள், செங்கல் என்றால் அம்மா. கிரெட்டா இவ்வளவு பாடுபட்டது அதற்காக அல்ல. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

"நான் ____________க்குப் போட்டிருக்கேன்."

கோட்டின் மேல் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதல் சொல்லில் மட்டும் கை வைக்காதீர்கள்.