டீவி கோர்ட்டுக்குப் போகாத கிளி

டெல்ஃபியா நேப்பியர் தன் கொழுந்தன் மேல் வழக்குப் போட வந்த அன்று படிவத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அமெரிக்காவின் கிழக்கு மலைப்பக்கத்தில், எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சிறு வழக்குகளுக்கான ஜன்னல் என்னுடையது. வேலி, கோழி, இரவல் வாங்கித் திருப்பித் தராத மரம் அறுக்கும் மெஷின், நிச்சயம் முறிந்த பிறகும் கழற்ற மறுத்த மோதிரம் என்று பத்தொன்பது வருஷமாக எல்லாச் சண்டையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போயிற்று. கிளிக்காக ஒருத்தி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"பொருளோட விவரம்னு கேட்டிருக்கே, என்ன எழுத?"

"கிளின்னு எழுது."

"கிளி பொருளா, லர்லீன்?"

"சட்டத்துக்குக் கிளியும் ஒண்ணுதான், டிராக்டரும் ஒண்ணுதான். எழுது."

சாம்பல் நிறக் கிளி அது. ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்ட சபை மூப்பர் மாதிரி கம்பியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் என்பதால் அதற்கு டீக்கன் என்று பெயர். டெல்ஃபியாவின் கணவன் ஆர்பின் வளர்த்தது. முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசியோடு படுக்கையில் விழுந்த மனிதன். கடைசி இரண்டு வருஷம் அவன் கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷினும் டீக்கனின் கூண்டும்தான் இருந்தன. டீக்கன் ஆர்பின் குரலில் பேசும். அவனைப் போலவே இருமும், இருமி முடித்ததும் அவனைப் போலவே "மன்னிக்கணும்" என்று சொல்லும்.

பிப்ரவரியில் ஆர்பின் இறந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் சபைக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் தம்பி எஸ்டில் வீட்டுக்குப் போய்க் கூண்டைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டான். கேட்டால், "ஆர்பின் எனக்குத் தர்றதா சொன்னான்" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. டெல்ஃபியா எட்டு மாதம் கெஞ்சினாள். அவளிடம் ஆர்பினின் குரல் வேறு எதிலும் இல்லை. டேப்பில்லை, போனில் பதிவில்லை. உலகத்தில் அந்தக் குரல் மிச்சமிருந்தது ஒரு பறவையின் தொண்டையில் மட்டும். அது எஸ்டில் வீட்டில், ஓடைக்கு மேலே மூன்று மைல் தூரத்தில் இருந்தது.

வழக்குப் போட்ட மூன்றாவது வாரம் கலிஃபோர்னியாவிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நீதிபதி கார்மோடியின் கோர்ட் என்ற டீவி நிகழ்ச்சிக்காரர்கள் அனுப்பியது. எங்கள் வழக்குப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. அதிலிருந்து ருசியான வழக்குகளைப் பொறுக்க அவர்கள் ஆள் வைத்திருந்தார்கள். இரண்டு தரப்பும் இங்கே வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்க் கேமரா முன்னால் நின்று பேச வேண்டும், கார்மோடி அம்மா சொல்வதே முடிவு, அதற்குமேல் அப்பீல் கிடையாது. விமானமும் ஓட்டலும் அவர்கள் செலவு. கிளிக்கும் டிக்கெட் உண்டு. எஸ்டில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமென்றும் எழுதியிருந்தது.

அவள் அதை என் ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். முகம் சரியாக இல்லை.

"போயேன் டெல்ஃபி. இங்க நம்ம நீதிபதி தூங்கி எந்திரிச்சு உன் கேஸை எடுக்க ஜனவரி ஆயிடும். கிளி வாங்கின ரசீது உன்கிட்ட இருக்கு, எங்க போனாலும் நீதான் ஜெயிப்ப. கடலையும் பாத்துட்டு வரலாம்."

"கடல் எதுக்கு எனக்கு? இந்தப் பொம்பளையப் பாக்கக் கூடாதுன்னு இருக்கேன்."

"எந்தப் பொம்பளை?"

"கார்மோடி."

அந்த நிகழ்ச்சியைப் பன்னிரண்டு வருஷம் ஒருநாள் விடாமல் பார்த்தவள் அவள். தினமும் மூன்று மணிக்கு எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அதுதான் ஓடும். பார்ப்பதை எப்போது நிறுத்தினாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டேன். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை மதியம் பள்ளிச் சமையலறை வேலை முடிந்ததும், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"லர்லீன், வண்டி சாவிய எடு. எஸ்டில் வீட்டுக்குப் போகணும்."

வண்டியில் ஏறியதும் சொன்னாள். அந்த நிகழ்ச்சியிலிருந்து டாரா என்ற பெண் பேசினாளாம். ஒரே சிரிப்பாம். 'மேடம், நேத்து உங்க கொழுந்தனுக்கு போன் பண்ணினேன். பின்னாடி உங்க கிளி எங்க நிகழ்ச்சிப் பாட்டை முழுசா விசிலடிச்சுது, உடனே அவர் போனை வச்சுட்டாரு. அந்தப் பதிவை எங்க மேலதிகாரிக்குப் போட்டுக் காட்டினேன், நாற்காலியில இருந்து விழுந்துட்டாரு. அதை நீதிபதி முன்னாடி செஞ்சு காட்டினா போதும், நாடே பாக்கும்.'

"இதுக்கு ஏன்டி இப்ப ஓடணும்?"

டெல்ஃபியா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பாட்டுக்கு அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். அவர் போன அன்னிக்கு நான் முன்னறையில கார்மோடி பாத்துட்டு இருந்தேன். அவர் கூப்பிட்டாரு. ஒரு நிமிஷம், தீர்ப்பு சொல்லப்போறாங்கன்னேன். மறுபடி கூப்பிட்டாரு. இருங்க ஆர்பின்னேன். அப்புறம் கூப்பிடல. விளம்பரம் வந்த பிறகுதான் எந்திரிச்சுப் போனேன். போய்ப் பாத்தா..."

நான் வண்டியை ஓடைச் சாலையில் திருப்பினேன்.

"பாஸ்டருக்குத் தெரியாது, என் தங்கச்சிக்குத் தெரியாது" என்றாள். "டீக்கனுக்குத் தெரியும்."

எஸ்டில் வீட்டு முற்றத்தில் நாங்கள் இறங்கியபோது மணி மூன்று இருக்கும். அக்டோபர் வெயில், காற்றே இல்லை. ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தவன், அதை மறித்துக்கொண்டு நின்றான். அண்ணனைப் போலவே நெடிய உடம்பு, தாடை. அவனுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"இப்ப வேண்டாம் டெல்ஃபி. நாலு மணிக்கு மேல வா. பீன்ஸ் அடுப்புல இருக்கு, சாப்பிடலாம்."

"ஏன், நாலு மணிக்கு முன்னாடி என்ன?"

அவன் என்னைப் பார்த்தான்.

"அடக்கத்தன்னிக்குக் காலையில உங்க வீட்டுல துணி மாத்திக்கிட்டு இருந்தேனே, அதுக்கு முந்தின நாளும் அங்கதான் இருந்தேன். நீ சவப்பெட்டி பாக்கப் போயிருந்த. அப்ப அது பேசிச்சு. அவன் குரல், உன் குரல், டீவி, எல்லாம். நீ இத தினம் கேக்கக் கூடாதுன்னுதான் தூக்கிட்டு வந்தேன். வேற என்னன்னு சொல்லச் சொல்ற?"

டெல்ஃபியா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் ஊரெல்லாம் அவனைத் திருடன் என்று சொல்லியிருந்தாள். நானும்தான்.

"அப்ப அந்தக் காகிதத்துல எதுக்குக் கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டேன்.

"இங்க நான் தோத்துருவேன். அங்க அந்தம்மா மனசு வச்சா கிளி எனக்குன்னு முடிஞ்சிடும், அப்பீலும் கிடையாது. காலைல பத்து மணியிலேர்ந்து ரெண்டு வரைக்கும்தான் படம்பிடிப்பாங்களாம், கேட்டுட்டேன். இது மூணே காலுக்குத்தான் பேசும்."

"எஸ்டில், அங்க கடிகாரம் மூணு மணி நேரம் பின்னாடி. கிளிக்கு நம்ம ஊர் மணிதான் தெரியும். அங்க பன்னண்டே காலுக்கு வாயைத் திறக்கும்."

அவன் விரல் விட்டு எண்ணினான். "ஆமால்ல" என்றான்.

டெல்ஃபியா எழுந்து அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூண்டு சமையலறை ஜன்னலருகே இருந்தது. டீக்கன் அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. பேசவில்லை. நாங்கள் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். எஸ்டில் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அவன் ரெண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு, 'வந்துட்டேன் ஆர்பின்'னு நான் சொல்லுவேன். சொன்னா நிறுத்திடும். ஒருநாள்கூடச் சொல்லாம விட்டதில்ல."

"சொல்லாட்டி?"

"தெரியாது. முதல் நாள்கூட, கேட்கத் தாங்காம நான் பதில் சொல்லிட்டேன்."

"இன்னிக்குச் சொல்லாத" என்றாள் டெல்ஃபியா.

மூன்றே காலுக்கு ஒரு நிமிஷம் முன்பாக டீக்கன் இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாயிற்று. பிறகு அந்தப் பாட்டை விசிலடித்தது. நீதிபதியின் சுத்தியல் சத்தம் இரண்டு தடவை. அதன் பிறகு ஆர்பின், அந்த அறையில் எங்களோடு உட்கார்ந்திருப்பவனைப் போல:

"டெல்ஃப்."

"ஒரு நிமிஷம், தீர்ப்பு சொல்லப்போறாங்க." அது டெல்ஃபியாவின் குரல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது மாதிரி மங்கலாக.

"டெல்ஃப்."

"இருங்க ஆர்பின்."

எஸ்டிலின் உதடு அசைந்தது. டெல்ஃபியா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டீக்கன் ஆக்ஸிஜன் மெஷினைப் போல மூச்சுவிட்டது, இழுத்து, விட்டு, இழுத்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி வரப்போவது அவன் சாவின் சத்தம் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

வந்தது வேறு. மரத்தரையில் நாற்காலி நகரும் கிறீச்சொலி. அப்புறம் ஆர்பின், விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு:

"அட, நீங்களா. வாங்க, உக்காருங்க."

கிளி பேசாமல் நின்றது. அதன் தலை, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் பறவையிடம் அந்த விருந்தாளியின் குரல் மட்டும் இல்லை. அவர் பேசிய நேரம் மட்டும் இருந்தது, வெறும் மௌனமாக.

"வேண்டாம், அவளைக் கூப்பிடாதீங்க. அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு மணி நேரம்தான். பாத்துட்டு வரட்டும்."

மறுபடி மௌனம், முன்னதைவிட நீளம். அடுப்பில் பீன்ஸ் கொதிப்பது கேட்டது. ஆர்பின் மெல்லச் சிரித்தான். இருமவில்லை. அவன் இருமாமல் சிரித்து நான் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது.

"சரி" என்றான். "போலாம்."

டீக்கன் ஒருதடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கீழே இறங்கிச் சூரியகாந்தி விதையைக் கொறிக்க ஆரம்பித்தது.

டெல்ஃபியா எஸ்டில் பக்கம் திரும்பினாள். "எஸ்டில், அன்னிக்கு மத்தியானம் நீ வந்தியா?"

"இல்ல. நான் டாக்டர்கிட்ட போயிருந்தேன். ஏன்?"

"நான் உள்ள போறப்ப சுவரோரம் கெடந்த நாற்காலி கட்டில்கிட்ட இருந்துச்சு. நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்ப நீ வந்து உக்காந்துட்டுப் போயிருப்பன்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன்."

"அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தானே" என்றேன்.

"ஆமா. நான் வாசலுக்கு நேரா உக்காந்திருந்தேன்."

எஸ்டில் தட்டுகளை எடுத்துவைத்தான். பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டோம். டெல்ஃபியா இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை டாரா மூன்று தடவை போன் பண்ணினாள். மூன்றாவது தடவை என் முன்னால்தான் டெல்ஃபியா பேசினாள். இன்னும் நல்ல ஓட்டல் தருவதாக டாரா சொன்னாள் போலிருக்கிறது.

"ஓட்டல் எல்லாம் சரிதாம்மா. ஆனா கார்மோடி அம்மாகிட்ட கேக்க எங்களுக்கு ஒண்ணும் இல்ல... இல்ல, கிளி நல்லாத்தான் இருக்கு... அது உங்க பாட்டைப் பாடும், பிறகு எங்க வீட்டு விஷயத்தப் பேசும். அத ஊருக்குக் கேக்க வைக்க எனக்கு இஷ்டமில்ல."

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக என் ஜன்னலுக்கு வந்து வழக்கை வாபஸ் வாங்கினார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்துக்குள் பேசி முடிந்தது' என்று நானே எழுதிக்கொடுத்தேன். டீக்கன் டெல்ஃபியா வீட்டுக்குத் திரும்பியது. எஸ்டிலைத் திருடன் என்று சொன்னதற்காக அவள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். ஏன் சொன்னாள், ஏன் மாற்றிக்கொண்டாள் என்று மட்டும் சொல்லவில்லை. ஊர் அதைத் தன் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டது.

மூன்று குளிர்காலம் கழித்து எஸ்டிலும் படுத்துவிட்டான். அவனுக்கு மனைவி பிள்ளைகள் இல்லை. டெல்ஃபியா அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, ஆர்பின் படுத்திருந்த அறையிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் டீவியே இல்லாமல் போயிருந்தது. பள்ளி வேலையையும் விட்டுவிட்டாள். ஒரு நிமிஷம்கூட அவனைத் தனியே விடமாட்டாள். குளிக்கப் போனால்கூட நான் வந்து உட்கார வேண்டும்.

அவன் போனது ஒரு காலை நேரம், பனி வெளுப்பில். நான் அப்போது அங்கே இல்லை. அவள்தான் பிறகு சபைச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். டீக்கன் வாய் திறக்கவில்லையாம். எஸ்டில் கண்ணைத் திறந்து, அவள் தோளுக்கு மேலே பார்த்து, பெரியவர்கள் வந்தால் செய்வதுபோல எழுந்து உட்காரப் பார்த்தானாம்.

"என்னன்னு கேட்டேன்" என்றாள். "'டெல்ஃபி, கொஞ்சம் எந்திரிச்சு இடம் விடு'ன்னான்."

"நீ என்ன பண்ணின?"

"எந்திரிச்சு சுவரோரம் நின்னுக்கிட்டேன்."