ஹாரன் அடித்தால் சாயா

அமீரகத்தின் அஜ்மான் நகரில், நுஐமியா பகுதியில் கௌஸ் முகைதீன் நடத்திய கஃபட்டீரியாவுக்குள் யாரும் வருவதில்லை. காரை வாசலில் நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பார்கள். கடையில் வேலை பார்த்த கார்மேகம், ஐம்பது தாண்டியவர், ஓடிப்போய் கார் கண்ணாடி வழியாக என்ன வேண்டும் என்று கேட்டு வருவார். பிறகு காகிதக் கோப்பையில் கரக் என்கிற கெட்டிப் பால் சாயாவைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம்.

பதினோரு வருடங்களுக்கு முன் கடை எடுத்தபோது எதிரே வெறும் மணல்வெளி. வண்டிகள் தள்ளித் தள்ளி நின்றன. பிறகு அந்த மணலில் மூன்று உயரமான கட்டடங்கள் வந்தன. குடிவந்தவர்கள் எல்லோருக்கும் கார் இருந்தது, நிறுத்த இடம் இல்லை. தெரு குறுகி ஒருவழிப் பாதையாயிற்று. சாயாவுக்கு வரும் வண்டிகள் கடையை ஒட்டி இரட்டை வரிசையில் நின்றன. ஏசி வேண்டுமே, அதனால் யாரும் இன்ஜினை அணைப்பதில்லை.

கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் கௌஸ் முகைதீனின் வீடு. படி இறங்கினால் வியாபாரம், எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று சொந்த ஊரான கீழக்கரைக்குப் போன் பேசும்போது சொல்லிக்கொள்வான். சாப்பிடும்போது கீழே ஹாரன் கேட்டால் அவனுக்குச் சோறு நன்றாக இறங்கும்.

மகள் அஃப்னா நாலாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிளினிக்கில் டாக்டர் இஃப்பத் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் போக்குவரத்து உண்டா என்று உருதுவில் கேட்டார். கௌஸ் முகைதீன், சின்னத் தெருதான் என்றான். ஜன்னலை மூடிவைக்கச் சொன்னார் டாக்டர். அந்த ஜன்னலை அவர்கள் திறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் ஒன்று வாங்கிவந்தார்கள்.

அந்த வாரம் அவன் மனைவி ஹபீபுன்னிசா திரைச்சீலைகளைத் துவைத்தாள். வாளித் தண்ணீரை அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாலைவனத் தூசி என்றான். தூசி பழுப்பாக இருக்கும், இது கறுப்பாக இருக்கிறது என்றாள். அவன் கடைக்கு இறங்கிப் போனான்.

ஆகஸ்ட் மாதம் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார். காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். கார்மேகம் ஓடினார். சர்க்கரை குறைவாக ஒரு கரக், பிறகு முதலாளி, என்றார் இன்ஸ்பெக்டர். கௌஸ் முகைதீன் கார் ஜன்னல் அருகே நின்றான். ஹாரன் சத்தம், புகை, வழிமறிப்பு என்று முப்பத்திரண்டு குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டுப் புகார் தந்திருப்பதாக அவர் மரியாதையாகத் தெரிவித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தாளை வெளியே நீட்டினார்.

முதல் பெயர் எதிர்க் கட்டடத்து ரவிசங்கர். இரண்டாவது அவர் மனைவி ஷியாமளா. மூன்றாவது ஹபீபுன்னிசா, வீட்டு எண் 104.

இவர் உங்கள் கட்டடம்தானே, தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியும் என்றான் கௌஸ் முகைதீன்.

மேலே போனபோது ஹபீபுன்னிசா அஃப்னாவின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடை மேலயே எழுதிக் குடுத்தியா?"

"கடைன்னு அதுல எழுதல மச்சான். வண்டின்னுதான் இருந்துச்சு. ஷியாமளா கொண்டாந்தாங்க. படிச்சுப் பாத்தேன், பொய்யா ஒண்ணும் இல்ல. போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"வாளித் தண்ணிய காட்டுனேனே."

அந்தித் தொழுகையான மஃக்ரிபுக்குப் பாங்கு ஒலித்தது. மாஸ்க்கை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனாள். அதுவரை அவன் அந்த மாஸ்க்கைப் பிடித்ததில்லை.

"ஸ்ட்ரெய்ட்டா பிடிங்க வாப்பா, லீக் ஆகுது," என்றாள் அஃப்னா.

நேராகப் பிடித்தான். மருந்து தீரும்வரை கீழே ஹாரன் அடித்தபடி இருந்தது. எப்போதும்போல அவன் காதில் அது முதலில் வியாபாரமாகத்தான் விழுந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் பிள்ளையின் கண் சிமிட்டுவதைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஹாரனுக்கு ஒரு சாயா என்று மனதுக்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் அரபியிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒரு போர்டு எழுதவைத்தான். ஹாரன் அடிக்காதீர், இன்ஜினை அணைப்பீர், உள்ளே வருவீர். வந்தவர்கள், போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஹாரன் அடித்தார்கள். கார்மேகம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினார். இரண்டு நாள் இது நடந்தது. மூன்றாம் நாள், ஓடுகிற இன்ஜினுக்குச் சாயா கிடையாது என்று கௌஸ் முகைதீன் முடிவுசெய்தான்.

"நாப்பத்தாறு டிகிரி பாய். ஒருத்தனும் அணைக்க மாட்டான்," என்றார் கார்மேகம்.

"அணைக்கிறவனுக்குக் குடுங்க."

அந்த முடிவு நடைமுறைக்கு வந்த முதல் நாள் காலை ஆறரைக்கே ஒருவர் ஹாரன் அடித்தார். கார்மேகம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எதிர்க் கட்டடத்து ரவிசங்கர் சார் என்றார். மூன்று வருடமாகத் துபாய் வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு கரக் வாங்குகிறவர். கௌஸ் முகைதீனே போய், அணைத்துவிட்டு வரச் சொன்னான். ரவிசங்கர் போர்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அணைத்துவிட்டு இறங்கிவந்து நின்றபடியே குடித்தார்.

"நான் எழுதினது மத்த வண்டிகளை நெனச்சு," என்றார்.

"விளங்குது சார்."

மறுநாளிலிருந்து அவர் நடந்து வந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் வரவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு கஃபட்டீரியா இருந்தது. வரிசை அங்கே போய்விட்டது. வியாபாரம் பாதியானது. கார்மேகத்துக்கு முட்டிவலி குறைந்தது, ஆனால் வேலை போய்விடுமோ என்று பயம் வந்தது. கௌஸ் முகைதீன் அவரை அனுப்பவில்லை. மதியத்தில் பரோட்டாவும் மீன் குழம்பும் போடலாம் என்றான். கார்மேகத்தின் மீன் குழம்புக்காக எதிர்க் கட்டடக்காரர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். பழைய வியாபாரம் திரும்பவில்லை. கடை ஓடியது.

அக்டோபரில் அஃப்னா நெபுலைசர் இல்லாமல் மூன்று வாரம் இருந்தாள். புகை குறைந்ததாலா, வெயில் இறங்கியதாலா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர் இஃப்பத். ஹபீபுன்னிசா திரைச்சீலையை மறுபடி துவைத்தாள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. இந்தத் தடவை அவன் தானாகவே போய்ப் பார்த்தான்.

நவம்பரில் அடுத்த தெருவிலிருந்து மெஹர்பானு என்ற பெண் ஹபீபுன்னிசாவைத் தேடி வந்தாள். அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே இப்போது வண்டிகள் மூன்று வரிசையாக நிற்கின்றனவாம். கைக்குழந்தைக்கு இருமல் விடவில்லை. புகாரை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் விஷயமெல்லாம் தன் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்று ஹபீபுன்னிசா அவளைக் கடைக்குக் கூட்டிவந்தாள்.

கௌஸ் முகைதீன் அரை மணி நேரம் விளக்கினான். கடையின் பெயரைப் போட வேண்டாம், வண்டி என்று மட்டும் எழுதினால் போதும், முப்பது கையெழுத்தாவது வேண்டும், வீட்டு எண் கட்டாயம். மெஹர்பானு எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

"உங்க பேரையும் சேத்துக்கவா பாய்?"

"வேணாம்மா. என் வியாபாரம் அங்கதான் போயிருக்கு. பொறாமையில எழுதுனேன்னு நெனப்பாங்க."

"என் பேரு போடுங்க," என்றாள் ஹபீபுன்னிசா.