மூன்றாவது முறை

மேடம் சமையலறைக்குள் வந்தபோது கனகா சூப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேடம் வெள்ளை கவுன் போட்டிருந்தாள்; காலில் துணிச் செருப்பு. பொழுது சாய்ந்தால் யூதர்களின் பெரிய விரதம். நாளை இருட்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அதற்கு முன் யார் மனதைப் புண்படுத்தினோமோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

டிரைவர் ராக்கப்பன் மத்தியானமே சொல்லிச் சிரித்தான். "என்கிட்டயும் கேட்டுச்சுக்கா, போன மாசம் கத்துனதுக்கு. பரவால்ல மேடம்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கலாம்! மூணு தரம் கேப்பாங்களாம். அதுக்கும் மனசு எறங்கலைன்னா பாவம் நம்ம தலையிலயாம்."

கனகாவும் 'பரவாயில்லை' சொல்லத் தயாராகத்தான் இருந்தாள்.

"உன் கணவர் இறந்த செய்தி," என்றாள் மேடம் ஆங்கிலத்தில். "சனிக்கிழமை ராத்திரிதான் உன்னிடம் சொன்னேன். ஆனால் உன் தம்பி எனக்கு மெசேஜ் அனுப்பியது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. படித்தேன். பன்னிரண்டு பேர் விருந்துக்கு வருவதாக இருந்தது... போனை அணைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு."

கனகாவின் போன் அந்த வாரம் ரோலா கடைத்தெருவில் ரிப்பேருக்குக் கிடந்தது. வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை ஓய்வுநாள்; அதிலும் இந்த விரதத்திலும் இவர்கள் போனைத் தொடமாட்டார்கள். அதனால் தாமதம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் நம்பியிருந்தாள். ஊரில், ஹட்டனில், சனிக்கிழமை மதியமே பெட்டியை மூடி மண் தள்ளிவிட்டார்கள். "புருசன் மூஞ்சியப் பாக்க வராத பொம்பள" என்று மாமியார் ஏசியபோதும், "மேடத்துக்கே தெரியாது மாமி" என்று இவள்தான் பரிந்து பேசினாள்.

அந்த வெள்ளிக்கிழமை இவள் சமைத்த மீனுக்கு விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

கனகா குழாயைத் திறந்துவிட்டாள். மேடம் போய்விட்டாள், சற்று நேரத்தில் திரும்பி வந்து, அதே வார்த்தைகளில் கேட்டாள். கனகா தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

மூன்றாவது முறை மேடம் வாசற்படியைத் தாண்டவில்லை. கையில் போன். எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிகளில் வெயில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"கனகா, நேரமாகிறது. தயவுசெய்து..."

கனகா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கி மீனு நல்லா இருந்திச்சா மேடம்?"

தமிழிலேயே கேட்டுவிட்டாள். மேடத்துக்குப் புரியவில்லை. பதிலுக்காக இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு போனின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். திரை ஒருமுறை வெளிச்சமாகி, அணைந்தது.