இடது காது

"காதுப் பக்கம் மெதுவாத் தொடைம்மா. புண்ணு இருக்கு" என்றான் அண்ணன் யோகராஜ்.

போன உயிருக்கு இனி எங்கே வலிக்கப்போகிறது? ஆனாலும் ரூபா கையை இலேசாக்கிக்கொண்டாள். ஆண்கள் குளிப்பாட்டி முடித்துவிட்டு, முகத்தை மட்டும் மகள் துடைக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். கம்போடியாவிலிருந்து மூன்று விமானம் மாறி ஓடி வந்தவளுக்கு அதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி? அந்தமானில், புரோத்ராபூர் வீட்டு வாசலில், மர பெஞ்சில் அப்பா கிருஷ்ணமூர்த்தி படுத்திருந்தார். இடது காதின் கீழ்ச்சதை சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"எப்படிண்ணே இது?"

"அவரேதான். பத்து நாளா இழுத்து இழுத்து..." என்றான்.

ரூபாவின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றுவிட்டது.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான். கடைசியில் அப்பா நம்மைத் தேடினாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போனால் ஆயுசுக்கும் உறுத்தும். இப்போது தெரிந்துவிட்டது.

அவள் காது கேளாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவள். போன இடத்தில் முதல் ஆறு மாதம் பிள்ளைகள்தான் அவளுக்கு வாத்தியார். 'உட்காருங்கள்' என்று சைகை காட்டுவதாக நினைத்து 'குளியுங்கள்' என்று காட்டி, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. புரியாதபோதெல்லாம் இடது காதை இழுத்துக்கொண்டு திருதிருவென்று நிற்பாள். சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள் பார்த்து வைக்க வேண்டும். பிள்ளைகள் கூடிப் பேசி அவளுக்கு வைத்த பெயர், இடது காதை இரண்டு தரம் இழுப்பது. பெற்றவர்கள் பெயர் வைத்தபோது அவளுக்கு விவரம் தெரியாது; இந்தப் பெயருக்கு அவள் உட்கார்ந்து அழுதாள்.

ஜனவரியில் பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. "என்னைக் கூப்பிட வாய் எதுக்குப்பா? இப்படி ரெண்டு இழு இழுங்க, அதான் நான்" என்று வீடியோ காலில் காட்டினாள். கால் வரும் நேரம் யோகராஜ் பஸ் ஓட்டப் போயிருப்பான். அண்ணி பானு போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா இடது கையால் காதை இழுப்பார், இவள் அங்கிருந்து இழுப்பாள். தினமும் நாலு மணிக்கு இந்தக் கூத்து. பத்து நாளுக்கு முன்னால் பானுவின் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து செத்தது. யோகராஜிடம் இருப்பதோ பட்டன் போன். ரிப்பேராகி வரட்டும் என்று இருந்ததில் அப்பா போய்விட்டார்.

'என்னைத்தான் கூப்பிட்டிருக்கார்ணே' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"நான் கப்பல் ஏறுனது ஞாபகம் இருக்கா ரூபா?"

மறக்கக்கூடியதா அது? பத்தொன்பது வயதில், கேமரா வேலை கற்றுக்கொள்ள, வீட்டில் சொல்லாமல் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அப்பா கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். பட்டியலில் மகன் பெயரைப் பார்த்ததும் ஹார்பருக்கு ஓடி, ஊரே பார்க்கக் காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. படுக்கையில் விழுந்தவருக்கு மலஜலம் எடுத்தபோதும் யோகராஜ் வாயைத் திறக்கவில்லை.

"இந்தப் பத்து நாளும் நான் கிட்டப் போனாப் போதும், காதைக் காதைப் புடிச்சுக் காட்டுறாரு. எனக்கு முதல்ல ஒண்ணும் வெளங்கல. பக்கத்து வீட்டு பெங்காலி தாதாதான் பாத்துட்டு, 'அரே யோகராஜ், பாபா மாஃபி மாங்க் ரஹா ஹை'ன்னாரு. காதைப் புடிச்சா அவங்கள்ல மன்னிப்புக் கேக்குறதாம். ஒரு கைதானேம்மா அவருக்கு. ரெண்டு கையும் இருந்தா ரெண்டு காதையும் புடிச்சிருப்பாரு."

அவன் குரல் உடைந்தது. "மாஃப் பண்ணிட்டேம்ப்பா, விடுங்க, புண்ணாவுதுன்னு கையைப் புடிச்சுக்குவேன். விட்டாத்தானே? மறுபடி இழுப்பாரு. அவ்வளவு வருத்தத்தை உள்ளயே வச்சிருந்திருக்காரு பாரு."

நாற்பத்தொரு வயது மனிதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு கணம் ரூபாவுக்கு அண்ணன்மேல் பொறாமையாக வந்தது. அது என் பெயர், எனக்கு மட்டும் சேர வேண்டியது. வார்த்தை நாக்குநுனி வரை வந்துவிட்டது.

"ஆமாண்ணே. வச்சிருந்திருப்பார்" என்றாள்.

வேன் வந்தது. அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

மூன்று மணிக்கு யோகராஜ் சுடுகாட்டிலிருந்து திரும்பி, தலைமுழுகி, ஈரத் தலையோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? வகுப்பறையிலிருந்து வீடியோ கால். பதினொரு பிள்ளைகளும் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பதினொரு கைகளும் ஒன்றாக இடது காதுக்குப் போயின.

"இதுங்க ஏன் காதைப் புடிக்குதுங்க?" யோகராஜ் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

ரூபா பிள்ளைகளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"ஸாரி சொல்லுதுங்கண்ணே. அப்பா போயிட்டாருன்னு."

"அங்கயும் மாஃபிக்கு இதேதானா!" அவன் முகம் தெளிந்தது. "மரியாதைக்கு நம்மளும் திருப்பிச் செய்யணும்ல?" என்று, அப்பா செய்த மாதிரியே, இடது காதை இரண்டு தரம் இழுத்தான்.

திரையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற சிறுமியின் கைகள் வேகமாக ஆடின. 'உங்கள் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?'

ரூபா போனை மடியில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் பதில் சொன்னாள். 'அப்பா சொல்லிக்கொடுத்தார்.'

"என்னம்மா கேக்குது அந்தப் புள்ள?" என்றான் யோகராஜ். அவன் கை இன்னும் காதிலேயே இருந்தது.