ஏழாம் நம்பர் ரத்தம்

நாலு மணிக்கு அறிக்கை மருத்துவமனைக்குப் போய்விடும். இப்போது மணி மூன்றே கால். போஸ்டரக்கா மறுபடியும் கணினித் திரையைப் பார்த்தாள்.

மரபணு ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். 'அனைவருக்கும் இங்கே இடமுண்டு' என்று வாசலில் தொங்கும் போஸ்டரில் சிரிப்பது அவள் முகம்தான். மலைச் சனத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் வேலைக்கு வந்த ஒரே ஆள். படம் எடுக்கக் கூப்பிட்டவர்கள் ஒரு கூட்டத்துக்குக்கூட அவளைக் கூப்பிட்டதில்லை.

திரையில் இருந்தது அவள் சனத்துக் கர்ப்பிணி ஒருத்தியின் கருப் பரிசோதனை. ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் லட்சம் பேர் பட்டியலில் யாருக்கும் அது இல்லை. ஆகவே மென்பொருள், 'கொடிய இதய நோய், குழந்தை ஐந்து வயதைத் தாண்டாது' என்று சிவப்பில் எழுதிவிட்டது. அந்தப் பட்டியலில் மலைச் சனத்தார் ஒருவர்கூட இல்லை என்பது அந்த மகா புத்திசாலிக்கு எப்படித் தெரியும்? இதைப் படித்தால் அந்தப் பெண் கருவைக் கலைத்துவிடுவாள்.

அந்த மாற்றம் நோயில்லை என்று போஸ்டரக்காவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதில்தான் வில்லங்கம். புது இயந்திரம் வந்தால் ஆய்வகத்து ஆட்களின் ரத்தத்தையே முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். யாருடையது எது என்று தேடினால் வேலை போகும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். கை சும்மா இருக்குமா? போன வருஷம் தன் ரத்தம் ஏழாம் நம்பர் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் அதே எழுத்து. அவளுக்கோ நாற்பத்தொரு வயது, மேடேறினாலும் மூச்சு வாங்காத நெஞ்சு.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். இரண்டு முறை நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை ஆய்வகத் தலைவரின் அறைக்குள் போய்விட்டாள்.

"சார், அந்தக் கரு அறிக்கைய நிறுத்தி வைங்க. அது நோயில்ல."

"எத வச்சும்மா சொல்றீங்க?"

"எங்க ஆளுங்களுக்கு இருக்கும் சார். ஒண்ணும் பண்ணாது."

"இருக்கும்னு சொன்னா போதுமா? ஆதாரம் வேணும்ல."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மணி மூன்று ஐம்பது.

"ஏழாம் நம்பரத் திறந்து பாருங்க சார்."

திறந்தார். கரு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இது யாரோடது? இதுல இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னோடது சார். தேடிப் பார்த்தேன். தப்புதான்."

அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "அறிக்கை இன்னிக்கு வராது. நோய்னு சொல்ல ஆதாரம் இல்ல, திருத்தி அனுப்புறோம்." போஸ்டரக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பிறகு அவர் இழுப்பறையிலிருந்து விதிமீறல் படிவத்தை எடுத்து வைத்தார். "எழுதித்தான் ஆகணும்மா. மேலிடம் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

முதல் கட்டத்தில் முழுப்பெயர் கேட்டிருந்தது. ஆறு வருஷத்தில் அந்த ஆய்வகம் வெளியிட்ட பதினோரு கட்டுரைக்கும் ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துக் கொடுத்தவள் அவள். ஒன்றிலும் அவள் பெயர் வந்ததில்லை. பேனாவை வாங்கி, அங்கே தன் பெயரை முழுசாக எழுதினாள்.