பரண்மேல் இருந்த பாட்டில்

“நான்தான், உன் தம்பி ஒல்லி, சலவைக் கம்பெனி கீழ்த்தளத்துல இருந்து பேசறேன். அக்கா, முதல்ல போனை எடு.”

அவன் சொல்லச் சொல்லப் போன் அதை எழுத்தாக்கி வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு கையிலும் சோப்புத் தண்ணீர் சொட்டியது. தட்டினால் திரை கேட்காது.

காலையில் மச்சான் கூப்பிட்டபோது எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

“ஊரான் போர்வையெல்லாம் நீ வெளுத்துக்கிட்டிரு மாப்ளே. உன் வயலை நான் பாக்கறேன்.”

நடவுக்கு ஆள் கிடைக்காமல், இந்த முறை முளைகட்டிய விதையை நேராகச் சேற்றிலேயே தூவியிருந்தார்கள். இன்று மூன்றாம் நாள். களை தலைகாட்டும் முன் மருந்தடித்தாக வேண்டும்.

“போன வருஷம் மிஞ்சினது பரண்மேல இருக்கு மச்சான். அதையே அடிங்க. புதுசு எதுக்கு தண்டமா?” என்று சொன்னவன் இவனேதான்.

“பெரிய விவசாய அதிகாரி சொல்லிட்டாரு! சரிங்கய்யா” என்றார் மச்சான்.

இடைவேளையில், அவர் அனுப்பியிருந்த பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஓரத்தில் பொடி எழுத்து: ‘நாற்று நட்ட வயலுக்கு மட்டும்.’

 போன வருஷம் நட்டது வேர்பிடித்த நாற்று, மருந்தைத் தாங்கிக்கொண்டது. இப்போது மண்மேல் கிடப்பதோ வெறும் முளை. முளைக்கிற எதையும் கருக்குகிற அந்த மருந்துக்குக் களை எது, நெல் எது என்று என்ன தெரியும்? வீட்டில் வேறு விதை ஒரு பிடிகூட இல்லை. வாய்க்கால் தண்ணீரும் இந்த வாரத்தோடு நின்றுவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் இருந்த அந்த ஒரே போனை எட்டு முறை அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருமுறை போனைச் சேற்றில் தொலைத்ததிலிருந்து அக்கா அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவாள்.

“ஏய் ஒல்லி, மிஷின் நின்னு எவ்வளவு நேரமாச்சு! யாருடா அது, காதலியா?” மேற்பார்வையாளர் கதவருகிலிருந்து கத்தினார்.

“இல்லண்ணே. நெல்லு.”

அவர் சிரித்தார்.  இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டான்.

“அக்கா இல்லேன்னா பரவாயில்ல. யார் இதைப் படிச்சாலும் கதவைக்கூடச் சாத்த வேண்டாம், வயலுக்கு ஓடுங்க. மச்சான் முதுகுல இருக்கிற டேங்க்கைக் கீழ இறக்கச் சொல்லுங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க. பாதி அடிச்சிருந்தாலும் சரி, மீதியை அடிக்க விடாதீங்க.”