முப்பத்து மூன்றாம் மணி

வண்டியைப் பார்த்தவுடனே கிளாடிஸுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மினி லாரியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த மஞ்சள் ஏடிவி, காடுமேட்டில் ஓட்டுகிற நான்கு சக்கர பைக். முன் மட்கார்டு பாதி உடைந்து, இடது கால்மிதி உள்ளே மடங்கி, பதினோரு மாதங்களுக்கு முன்னால் விழுந்த கோலத்திலேயே இருந்தது. இனி அதைப் பார்க்க வேண்டி வராது என்று நினைத்திருந்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புலியகுளத்தில் அவளுடைய ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வந்து நின்றது.

லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்தாறு வயதிருக்கும். இல்மா என்று பெயர் சொன்னாள். கோட்டைமேட்டுக்காரி, பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிராயிங் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக ஏடிவி பந்தயங்களில் வாடகை வண்டி ஓட்டி வந்தவள், இப்போது ஒரு புரோக்கரிடம் இதைச் சொந்தமாக வாங்கியிருக்கிறாள். எஞ்சின் வேலை செய்து தர வேண்டும், நான்கு மாதத்தில் காங்கேயம் பக்கம் நடக்கப்போகும் பந்தயத்தில் இறங்க வேண்டும் என்றாள்.

கிளாடிஸ் கையிலிருந்த ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பந்தய எஞ்சின் எதையும் இப்போது தொடுவதில்லை, ஸ்கூட்டரும் பைக்கும்தான் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் நகரவில்லை. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"இந்த எஞ்சினைக் கட்டிக் குடுத்ததே நான்தான் கண்ணு. இது ஓட்டத்துல உடைஞ்சு, ஒரு பையன் தொடை எலும்பு முறிஞ்சு நாலு மாசம் படுத்துக் கெடந்தான். நீ வேற ஆளைப் பாத்துக்க."

"அப்படின்னா ஏன் உடைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க்கா," என்றாள் இல்மா. "அதை மட்டும் சொல்லிப்போடுங்க. நான் போயிடறேன்."

கிளாடிஸ் பிளக்கைக் கீழே வைத்தாள். விபத்துக்குப் பிறகு அந்த எஞ்சினை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வகை வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஓடுகிற தூரம் கொஞ்சம். ஆனால் ஓடுகிற நேரம் முழுக்க எஞ்சின் அலறிக்கொண்டே இருக்கும். அதனால் ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு சின்ன மீட்டர் பொருத்தி, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்ப்பார்கள். நாற்பது மணி நேரம் பந்தயம் ஓடினால் எஞ்சினை இறக்கி, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும் என்பது கிளாடிஸ் வைத்திருந்த வழக்கம். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பந்தயக் குழுவின் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்து தனியாகக் கடை போட்டவள். அவள் கட்டிய எஞ்சின் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை, லியோவின் வண்டி வரைக்கும்.

லியோ கருமத்தம்பட்டிக்காரன். தறி ஓட்டுகிற குடும்பம். மீட்டர் முப்பது மணியைத் தொட்டபோது அவன் போன் செய்து, வண்டி சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பந்தயத்துக்கு முன்னால் எஞ்சினைத் திறந்து பார்த்துவிடலாமா என்று கேட்டான். அன்றைக்கு அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. பெட்ரோல் கோளாறாக இருக்கும், இன்னும் பத்து மணி நேரம் தாராளமாக ஓடும் என்று சொல்லிவிட்டாள். முப்பத்து மூன்றாம் மணியில், மேட்டிலிருந்து தாவும் நேரத்தில், எஞ்சினுக்குள் பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்தது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. முந்நூறு பேர் பார்த்திருக்க லியோ வண்டிக்கு முன்னால் போய் விழுந்தான்.

 இல்மா லாரி நிழலில் நின்று காத்திருந்தாள். கடைசியில் கிளாடிஸ், வண்டியை இறக்கச் சொன்னாள். கட்டித் தருவதாகச் சொல்லவில்லை. திறந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் சனிக்கிழமை இல்மாவுக்கு லீவு. இருவருமாக எஞ்சினை இறக்கி மேசையில் வைத்தார்கள். கிளாடிஸ் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்துவிட்டுச் சற்று நேரம் திருப்பாமலே நின்றாள். பிறகு வேலை அவளை இழுத்துக்கொண்டது. ராடு இரண்டாகக் கிடந்தது. கிராங்கோடு அதைச் சேர்க்கும் பேரிங் அரைபட்டுப் பொடியாகியிருந்தது. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். சிலிண்டரின் உள்சுவர்தான் அவளை நிறுத்தியது. முப்பத்து மூன்று மணி நேரம் ஓடிய சுவர் பளபளவென்று இருக்க வேண்டும். இது சாம்பல் நிறத்தில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி மங்கிக் கிடந்தது. காற்று உள்ளே வரும் பக்கத்து வால்வுகள் தம் இருக்கையில் குழி பறித்து உள்ளே இறங்கியிருந்தன.

சூடானால் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அதுதான். பெட்ரோல் இல்லை.

அவள் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டாள். முகப்பவுடர் மாதிரி நைசான செம்மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபில்டரைத் தாண்டின இடத்தில் மண் இருக்கவே கூடாது. ஃபில்டரை எடுத்தாள். அது ஒரு தடித்த ஸ்பாஞ்சு. அவள் அதை எப்போதும் நீல நிற ஃபில்டர் ஆயிலில் ஊற வைத்துப் பிழிந்துதான் போடுவாள்; அந்தப் பிசுக்கில்தான் தூசு ஒட்டி நிற்கும். வருடமே ஆனாலும் அந்த நீலமும் பிசுக்கும் போகாது. கையிலிருந்த ஸ்பாஞ்சில் நீலம் துளியும் இல்லை. காய்ந்து, லேசாக, தட்டினால் மண் கொட்டியது. யாரோ பெட்ரோலில் கழுவி, ஆயில் போடாமல், அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

அந்த வழியாகப் போன மண் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் போன இடமெல்லாம் மண்ணும் போய் அரைத்திருக்கிறது. கிளாடிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினோரு மாதமாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. லியோ திறந்து பார்க்கலாமா என்று கேட்டானே. அன்றைக்குத் திறந்திருந்தால் இந்த மண் அன்றைக்கே அவள் விரலில் ஒட்டியிருக்கும். நாற்பது என்ற ஒரு எண்ணை நம்பி, அவன் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டது அவள்தான்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கருமத்தம்பட்டிக்குப் போனாள். ஆர்டர் அவசரம் என்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்காது. லியோ அவளைப் பார்த்ததும் லேசாக நொண்டிக்கொண்டு எதிரே வந்தான். கிளாடிஸ் கவரைப் பிரித்து, நூல்கோன் அடுக்கியிருந்த மேசையில் ஸ்பாஞ்சை வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். திரும்பிப் போய்த் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடைசித் தறியும் நின்ற பிறகு மேசைக்கு வந்து ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தான்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பயிற்சியில் புழுதி ஏறி ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்றான். ஃபில்டர் ஆயில் கைவசம் இல்லை. பெட்ரோலில் கழுவி மாட்டினால் ஒரு நாளைக்குத் தாங்கும் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க அப்படியே ஓட்டிவிட்டான். போன் செய்தபோது அதை அவளிடம் சொல்லவில்லை, திட்டுவாளே என்று.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"சொல்லோணும்னுதானுங்க்கா இருந்தேன். நீங்க வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. ஒரு வார்த்தை கேக்கலை. எஞ்சினைப் பாத்துப்போட்டு, தெரிஞ்சே என்னைய மன்னிச்சுட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

கிளாடிஸுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நான் எஞ்சினைத் திறக்கவே இல்லை. என்ற தப்புலதான் உன்ற கால் போச்சுன்னு, உன்ற மூஞ்சியப் பாக்க முடியாம ஆரஞ்சைக் கட்டில் மேல வெச்சுப்போட்டு ஓடி வந்துட்டிருந்தேன்."

இத்தனை மாதம் எனக்குப் பிடித்த வேலையைத் தொடாமல் இருந்தேன், அதில் உன் பங்கும் இருக்கிறது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அன்றைக்கு நீ கேட்டதைத் தட்டிக் கழித்தது என் தப்பு என்றும் சொன்னாள். அவன் எதையும் மறுக்கவில்லை. புறப்படும்போது, வண்டி இப்போது இல்மா என்ற பெண்ணிடம் இருக்கிறது, எஞ்சினை அவளுக்குக் கட்டித் தரப்போகிறேன் என்றாள். கட்டும் நாளில் தானும் வரலாமா என்று அவன் கேட்டான். சனிக்கிழமை வா என்றாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. புது ராடைக் கிராங்கில் ஏற்றி நேர் பிடிக்க, உக்கடத்தில் லேத் வைத்திருக்கும் அப்துல் குத்தூஸிடம் கொடுத்தாள். அவர் இரண்டு நாளில் முடித்து, அளந்து காட்டி, மனசுக்கு ஒப்பவில்லை என்று தானே பிரித்து மறுபடி ஏற்றினார். சிலிண்டருக்கு உள்சுவராக அவரே புது லைனர் இறக்கிக் கொடுத்தார். வால்வுகளும் பிஸ்டனும் வெளியிலிருந்து வர ஐந்து வாரம் ஆயிற்று. இல்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். டிராயிங் வேலை பார்க்கிற கண் என்பதால் அளவெடுக்கும் வேலையை அவளிடமே விட்டாள் கிளாடிஸ்.

லியோ ஒரு நோட்டோடு வந்தான். அந்த முப்பத்து மூன்று மணி நேரத்தில் எந்த மணி எங்கே ஓடியது என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதியிருந்தான். தொண்டாமுத்தூரில் ஈரமண்ணில் இவ்வளவு, காங்கேயத்து மேட்டாங்காட்டுப் புழுதியில் இவ்வளவு, சும்மா நண்பர்களோடு சுற்றியது இவ்வளவு. மூவரும் அதை வைத்துக்கொண்டு பேசினார்கள். புழுதியில் ஓடிய ஒரு மணியை இரண்டாகக் கணக்கு வைப்பது என்று முடிவாயிற்று. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றம். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் புதிது. ஸ்டார்ட் ஆவதில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் மீட்டரைப் பார்க்காமல் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைப் பார்ப்பது.

எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. இல்மா முகம் மலர்ந்து, இனி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு," என்றாள் கிளாடிஸ். "பதினஞ்சுல திறந்து பாத்துப்போட்டுச் சொல்றேன்."

பயிற்சி தொண்டாமுத்தூரில், அறுவடை முடிந்த ஒரு தோட்டத்தில். மாலை ஐந்துக்கு மேல் யானை இறங்கும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்ததால் நாலரைக்கே வண்டியைக் கட்டிவிடுவார்கள். பதினைந்தாம் மணி வந்தபோது பந்தயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வண்டி கத்தி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற எஞ்சினை எதற்குப் பிரிக்க வேண்டும், பயிற்சி போகிறதே என்று இல்மா முதல் முறையாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கிளாடிஸ் அவளோடு வாதாடவில்லை. ஸ்பானரை அவள் கையிலேயே கொடுத்தாள்.

ஒரு வால்வின் இடைவெளி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. மற்றபடி சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. இல்மா அதற்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மன்னிச்சுக்குங்க்கா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ரிங்குப் பெட்டியை எடுக்கப் போனாள்.

பந்தய நாளில் காங்கேயத்து வெயில் பத்து மணிக்கே ஏறிவிட்டது. பதினாறு வண்டிகள் ஒரு சுற்றுப் போனால் அரை நிமிடத்துக்கு ஆளே தெரியாத புழுதி. லியோ ஆறு ஸ்பாஞ்சுகளை நீல ஆயிலில் பிழிந்து தனித்தனிக் கவரில் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து இல்மா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவன் பழையதை எடுத்துப் புதியதை மாட்டிவிடுவான். கடைசி ஓட்டத்தில் அவள் எட்டாவதாகக் கிளம்பினாள். பாதிக்கு மேல் அவளுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகள் சூடேறி ஒதுங்கின. இன்னும் இரண்டு பேரை அவள் வளைவுகளில் முந்தினாள். நான்காவதாக வந்து முடித்தாள். மேடை ஏறவில்லை. ஆனால் வாடகை வண்டியில் அவள் ஒன்பதாவது இடத்துக்கு மேலே வந்ததே இல்லை.

ஒதுங்கிய வண்டி ஒன்றின் சொந்தக்காரர், கிருபாசங்கர் என்பவர், கிளாடிஸைத் தேடி வந்தார். தன் எஞ்சினையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். எத்தனை மணி ஓடியது என்று அவள் கேட்கவில்லை; எங்கெங்கே ஓட்டினீர்கள் என்றுதான் கேட்டாள். திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னாள்.

கூட்டம் கலைந்து, மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இல்மா சாவியை லியோவிடம் நீட்டினாள். அவன் கிளாடிஸைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவள், "பொறுமையாப் போ," என்று மட்டும் சொன்னாள்.

தொடையில் இன்னும் கம்பி இருந்ததால் அவன் ஏறி உட்காரவே சற்று நேரம் பிடித்தது. மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. தாவுகிற மேட்டில் தாவாமல் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கினான். தூரத்து வளைவில் அவன் தலை மறைந்தபோதும் எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது. கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். ஒரு சுற்று என்று போனவன் இரண்டாவது சுற்றுக்கும் திரும்பினான். இல்மா சிரித்துக்கொண்டே வேலி மேல் உட்கார்ந்தாள். கிளாடிஸும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.